குண்டூசியின் இரண்டே முக்கால் மணி

ஜூலை 3
எழுதவே கூசுகிறது. நேற்று ராத்திரி இருட்டில் துழாவி நான் தின்ற ரஸ்க், ரஸ்க் இல்லை. நாய் பிஸ்கட். ஒன்றல்ல, மூன்று. மகா கேவலம் என்னவென்றால், மூன்றாவதை ரசித்துத் தின்றேன்.

எல்லாம் குண்டூசியால். அக்கா, மகள் வீட்டோடு போகும்போது எங்களிடம் விட்டுப்போன நாய். இரண்டு கைக்குள் அடங்கும். வந்து ஒரு மாதமாகத் தினமும் இரண்டே முக்காலுக்கு எங்கள் படுக்கையறைக் கதவைப் பிறாண்டி ஒரே அழுகை. எழுந்து போய்த் தாஜா பண்ணுவது நான். மனைவி அசைவதே இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், தூங்கட்டும்.

ஜூலை 5
நாய் டாக்டர் சொன்னது: “ஏழு மணிக்கே சாப்பாடு குடுத்துடுங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு நடை. அழுதா உடனே ஓடிப் போய்த் தூக்காதீங்க சார்.”

ஜூலை 6
நடந்தோம். நான்தான் களைத்துத் தூங்கினேன். அது இரண்டே முக்காலுக்கு எழுந்துவிட்டது.

ஜூலை 7
ஆள் வாசனை இருந்தால் தூங்குமாம். என் பழைய பனியனை அதன் படுக்கையில் போட்டேன். பாதியைத் தின்றுவிட்டது.
“ஐயோ, அதுக்கு வயித்துக்கு ஏதாவது ஆயிடப் போகுதுங்க!” என்றாள் மனைவி. என் பனியனைப் பற்றி இத்தனை கருத்து அவளுக்கு!

ஜூலை 9
முடிவெடுத்தாயிற்று. ஊர்க்கோடி நாற்றுப் பண்ணைக்காரர் ஞாயிறன்று வந்து குண்டூசியை அழைத்துப் போவார். அங்கே வெளியில் கட்டித்தான் போடுவார். மனைவியிடம் சொன்னேன்.
“குடுத்தே ஆகணுமா?”
“நீ தூங்கணுமேம்மா, அதுக்குத்தான்.”
கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

டாக்டர் கடைசியாக ஒரு வழி சொன்னார். அழுகையைப் போனில் பதிவு செய்து கொண்டுவர வேண்டுமாம். வலியா, பயமா என்று கேட்டுப் பார்ப்பாராம். ராத்திரி போனை, அது படுக்கிற அடுப்படியில், அலமாரிமேல் வைக்கப் போகிறேன்.

ஜூலை 10
அவள் வேலைக்குப் போனபின் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

பதிவில் இரண்டு இருபதுக்குக் கதவுச் சத்தம். காலடி. திருடன் என்றே நினைத்தேன். அப்புறம் — அவள் குரல். மரக்கட்டை மாதிரித் தூங்குகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற என் மனைவி!

“எழுந்துட்டியாடா தங்கம்? ... இன்னிக்கும் சரியாத் தெரியலடா. வளைவுல ஒரு சைக்கிள், கிட்ட வந்தப்பறந்தான் பார்த்தேன். பின்னாடி முப்பது புள்ளைங்கடா. வேலைய விட்டுடலாம்னா, இந்த மனுஷன் எழுதற ஜோக்க நம்பியா அடுப்பு எரியும்?”

அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள். அதற்குப் பிறகுதான் அது அழ ஆரம்பிக்கிறது. போனவளைக் கூப்பிட்டு அழுதிருக்கிறது. நான் போய் பிஸ்கட் நீட்டியிருக்கிறேன்.

பக்கத்தில் படுத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. என்கிட்ட ஏன்டி சொல்லல?

ஜூலை 11
விடியும் முன்பே கேட்டுவிட்டேன். காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.
“நாய்கிட்ட பேசறதயும் ஒட்டுக் கேப்பீங்களா?”
“எனக்குத் தெரியாம எப்படி...”
“உங்ககிட்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி! வேலை போயிடும்ங்க.”
அது உண்மைதான். “புள்ளைங்கடி” என்றேன். அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளே பள்ளிக்குப் போன் போட்டாள்: கண்ணில் கோளாறு, பார்த்துவிட்டு வருகிறேன், வேறு ஆளை அனுப்புங்கள்.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செய்தியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 13
குண்டூசி இரண்டு ராத்திரியாக ஆறு மணிவரை தூங்குகிறது. மனைவி இப்போது எழுந்து போவதில்லை. பேச வேண்டியதைப் படுக்கையிலேயே, என்னிடமே பேசுகிறாள்.

இன்று கண் பரிசோதனை. கண்ணாடிக் கடைக்காரர் அவள் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்தார். அவளுடைய பழைய பவர் சீட்டைப் பார்த்தார். மறுபடி மெஷின். “சார், உங்களோடதக் கழட்டுங்க.”

போன மாதம், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டுபேருக்கும் ஒரே ஃபிரேம் எடுத்திருந்தோம். அவள் கண்ணில் புதிதாக ஒரு கோளாறும் இல்லை. ஒரு மாதமாக என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறாள். அவளுடையது என் மூக்கில் இருந்தது.