அம்மா உள்ளங்கையில் ஊற்றிய குழம்பு

வியாழன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பதினாறாம் நாள். எண்பது பேருக்குச் சாப்பாடு. நானே சமைக்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லியாயிற்று. அவனுக்கு நம்பிக்கையில்லை.

"சமையக்காரரச் சொல்லிருவோம் செல்வி. ஒன்னால ஆகாது."

"ஆகும்ணே. அம்மா அடுப்புப் பக்கத்துல நின்னு வளந்தவ நான்."

வாங்க வேண்டியவை: சின்ன வெங்காயம், மல்லி, சீரகம், தேங்காய், இலைக்கட்டு. ஆட்டுக்கறி அண்ணன் பொறுப்பு.

கம்பெனிக்குத் திங்கள் வரை லீவு போட்டிருக்கிறேன். அம்மாவும் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள்தான். அப்பா போன பிறகு எங்கள் இருவரையும் அந்த வேலையில் வளர்த்தாள். நான் பத்தாவது படிக்கையில் வெடிமருந்து அறையில் தீ. உடம்பில் காயமில்லை, புகையைக் குடித்துவிட்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் இருபது நாள். அதன்பின் அண்ணன் வேலைக்கு, அம்மா அடுப்புக்கு. சொந்தத்தில் எந்த விசேஷமென்றாலும் அவள் கைதான்.

வெள்ளி

மேகமூட்டம், மழையில்லை. சாத்தூரிலிருந்து அம்மாவின் தங்கை வந்திருக்கிறாள். இருவரும் மல்லி வறுத்தோம். "நல்ல வாசம்" என்றேன். சித்தி கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஒங்கம்மாவுக்கு இந்த வாசம் தெரியாது தாயி. அந்தப் புகையோட மோப்பம் போச்சு. நாக்கும் மட்டுப்பட்டுப் போச்சு. சாகுற வரைக்கும் வரல."

"பெறகு எப்பிடி ஆக்குனா?"

"கடுகு சத்தம், கொளம்போட நெறம். உப்புக்கு ஒன் மூஞ்சி."

ஒவ்வொரு நாளும் என் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு. "பாரு தாயி." எனக்குச் செல்லம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்கு வந்த பிறகும் அம்மா குழம்புக் கிண்ணத்தோடு வருவாள். ஒருநாள் எரிந்து விழுந்தேன்: "எனக்கு வேல கெடக்கும்மா." வாசலிலேயே நின்றாள்.

"ஏன் சித்தி எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா அடுப்படிய விட்டு எறக்கிருவீகன்னு பயந்தா. அது ஒண்ணுதான் எனக்கு இருக்குன்னா."

அண்ணனுக்குச் சொல்லாதே என்றாள் சித்தி. ஏனென்று எனக்கும் தெரியும். ஒரு தீபாவளிக்குப் பால் தீய்ந்து வீடு முழுக்க நாற்றம். "மூக்கு இருக்கா இல்லையா ஒனக்கு?" என்று அண்ணன் கத்தினான். அம்மா சிரித்தாள். பானையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

சனி

இலைக்கட்டு வந்தது. பாத்திரமெல்லாம் கழுவியாயிற்று.

சொல்லிவிட்டேன். அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"அன்னைக்கு அவ ஒண்ணும் சொல்லலையே."

"சிரிச்சா."

"ஏன் எங்கிட்ட சொன்ன?"

"நான் மட்டும் வச்சுக்க முடியலண்ணே."

எழுந்து வெளியே போனான். ஒரு மணி நேரம். திரும்பி வந்து மிச்ச வெங்காயத்தையும் உரித்தான். சமையல்காரர் பேச்சை அதற்குமேல் எடுக்கவில்லை.

ஞாயிறு

விடிந்ததும் அடுப்பு. கறி வேக நேரமாயிற்று, பயமில்லை. உப்பு நானே பார்த்தேன். சரி. அம்மா குழம்பு மாதிரி இல்லை. என் குழம்பு. நன்றாகவே இருந்தது.

பந்தியில் யாரோ: "கொளம்பு ஊத்துங்க, இங்கன ஊத்துங்க." மூன்று பந்தி. சோறு மிச்சம், குழம்பு மிச்சமில்லை. அண்ணன் கடைசியாக உட்கார்ந்தான். அம்மாவுக்கு மோப்பம் இல்லாதது பற்றி எல்லார் முன்னாலும் அவனே சொன்னான். பால் தீய்ந்த கதையும், அவன் கத்திய வார்த்தையும், ஒன்றுவிடாமல். சித்தி முதலில் முறைத்தாள், பிறகு அழுதாள். அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், பெரியப்பா, எழுந்து அம்மா படத்துக்கு முன் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கொழுந்தியாளை ஒருவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து கேட்டார்: "ஆடிக்கு இருக்கன்குடி கோயில்ல கெடா வெட்டுனா இனி யாரு ஆக்குவா?"

நான் வாயெடுக்குமுன் அண்ணன்: "எந்தங்கச்சி. நான் வெறகு ஒடைப்பேன்."

திங்கள்

குழம்பு வைத்த பெரிய வட்டாவின் அடி நெளிந்திருக்கிறது. சாத்தூருக்குக் கொண்டுபோய்த் தட்ட வேண்டும்.