நீந்தியும் இறங்காத எடை

ஜூலை 7, திங்கள்

நல்ல வெயில். துணி காயப்போட்டுவிட்டு நீச்சல் குளத்துக்கு. முதல் நாள்.

இந்த வயதில் எதற்கென்று எனக்கே எழுதி வைக்கிறேன். இவருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என் கிட்னி பொருந்துகிறதாம். ஆனால் டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இந்த எடைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. எறக்கிட்டு வாங்க" என்றார். முட்டி வலி, நடக்க முடியாது. அதனால் தண்ணீர்.

வீட்டில் போடும் சட்டையோடு இறங்கினேன். காவலுக்கு நின்ற பையன் விசில் ஊதினான். காட்டன் துணி கூடாதாம். தலையில் எண்ணெய் வேறு அப்பியிருந்தேன், முடி காய்ந்துவிடக் கூடாதென்று. "ஆன்ட்டி, ஷவர் ஃபர்ஸ்ட்." அங்கே போனால் சீன அம்மாக்கள் பொட்டுத் துணி இல்லாமல் நின்று மீன் விலை பேசுகிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே குளித்தேன்.

ஜூலை 9, புதன்

தேக்கா மார்க்கெட்டில் நீச்சல் உடுப்பு. கடைப்பெண், "மலாய்க்காரங்க போடுறது ஆன்ட்டி. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடிடும்" என்றாள். அப்படியே கறிவேப்பிலை, சுறா. சுறா வாடையில் ரயிலில் பக்கத்து ஆள் எழுந்து போனான். எனக்குக் கால் நீட்ட இடம்.

போட்டுக் காட்டினேன். இவர், "என்னடி இது, சர்க்கஸ்ல சேந்துட்டியா?" சிரித்தார். சிரித்து ரொம்ப நாள்.

ஜூலை 18, வெள்ளி

மேகமூட்டம். குளத்தில் மேரியக்கா பழக்கம். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தண்ணிய ஏன் போட்டு அடிக்கிறீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு? கால மட்டும் ஆட்டுங்க லா." இன்று நிற்காமல் அகலத்தைக் கடந்தேன். உடம்பே இல்லாத மாதிரி இருந்தது.

கரையேறினால் பசி. ஆனாலும் கட்டுப்பாடு. இட்லி இரண்டு. மத்தியானம் ஒரு கரண்டி சோறு. அதற்கு மேல் இவர் தட்டில் வைக்கும் மிச்சம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் சாப்பிட்ட தட்டில்தான் எனக்கு. என் மாமியாரும் அப்படித்தான். பாவம், இவருக்கு நாக்கு செத்துப்போய்விட்டது. "இன்னொரு கரண்டி போடு" என்பார், நாலு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். சோற்றைக் கொட்ட எனக்குக் கை வராது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். ஏறியிருக்கிறது.

வளையலைக் கழற்றிவிட்டு நின்றேன். கொண்டை ஊசியையும் எடுத்துவிட்டு நின்றேன். அதே எடைதான்.

நர்ஸ் தமிழ்ப் பெண். "என்ன சாப்பிடுறீங்க?" சொன்னேன். "வேற?"

"வேற ஒன்னுமில்லம்மா. அவரு வச்ச மிச்சம்தான்."

பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்வளவு மிச்சம்?"

கையால் காட்டினேன்.

"ஆன்ட்டி, அது ஒரு ஆள் சாப்பாடு."

அதை நான் சாப்பாடாகவே நினைத்ததில்லை. இவ்வளவு நாளும்.

அடுத்த முறையும் இப்படியென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வார்களாம். வேறு யார்? கொழுந்தன் மணிக்குச் சர்க்கரை. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

தேசிய தினம் வருகிறது, பிளாக் முழுக்கக் கொடி கட்டியிருக்கிறார்கள். குளத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம்தான், மின்னல் எச்சரிக்கைச் சங்கு. எல்லோரையும் ஏறச் சொல்லிவிட்டார்கள். ஒரு சொட்டு மழை இல்லை. மேரியக்கா, "மழை வர்றதுக்கு முன்னாடியே நம்மள தொரத்திடுவாங்க" என்றார். சீக்கிரம் வீடு.

கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. இவர் மணியோடு போனில்.

"அவ நீச்சலடிச்சா அடிக்கட்டும்டா. நான் மிச்சம் வைக்கிற வரைக்கும் எளைக்க மாட்டா. எளைக்கலைன்னா அறுக்க மாட்டாங்க... பசிக்கத்தான் செய்யுது. பாதியில நிறுத்திக்கிறேன். நான் எப்படியும் போறவன். அவ மேல கத்திய வைக்க விடுவேனா?"

பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு சாகவில்லை. பசியோடு எழுந்திருக்கிறார், தினமும், என் முன்னாலேயே.

கீழே போய் உட்கார்ந்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வந்தேன். மத்தியானம் சோறு போட்டேன். நாலு வாய். தட்டைத் தள்ளினார். நான் தொடவில்லை.

"ஏன்டி, சாப்பிடல?"

"மணிகிட்ட பேசுனது கேட்டுச்சு."

மின்விசிறியைப் பார்த்தார்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"உங்களுக்கு ஆனா நான் என்ன பண்றது? ஒக்காந்து வேடிக்கை பாக்கவா?"

தட்டை எடுத்துப்போய்க் குப்பைக் குழாயில் கொட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. சோறு மாடி மாடியாகக் கீழே போகும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டயாலிசிஸ். மத்தியானமும் மிச்சம் வைத்தார். கொட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வானம் வெளுத்திருந்தது. இவருக்கு இரண்டு தோசை. நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"இன்னொன்னு ஊத்து."

பழைய வேலை என்று நினைத்தேன். ஊற்றிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். பிட்டார், தொட்டார், மென்றார். கடைசி விள்ளலால் சட்னியை வழித்தார். தட்டில் ஒன்றுமில்லை. தானே எடுத்துப்போய்க் கழுவினார். இவர் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டே, "நேரமாச்சு, நீச்சலுக்குக் கெளம்பு" என்றார்.

கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நீச்சல் உடுப்பு வீட்டில் துணிக்கொடியிலேயே தொங்குகிறது.