வுப்பர்டாலில் ஒல்ஷவிச் தெரு

அண்ணை,

இன்று காலையும் பேக்கரி வாசலில் கறுப்புப் பாண் மணத்தது. உங்களைப்போலவே தொப்பியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். இந்த ஜெர்மன் நகரத்துச் சனத்துக்கு அது பாண் கடை. உங்களுக்கு அது, பெலாரூசில் ஒல்ஷவிச் என்ற சின்ன ஊரின் மரத்தாலான யூதத் தொழுகைக்கூடம். இப்போது எனக்கும் அப்படித்தான்.

மேல்வீட்டுக்குக் குடிவந்த முதியவர் நீங்கள். நான் பேசும் ஜெர்மன் மொழி வேலைத்தலத்தில் பொறுக்கியது, உங்களுடையது வானொலியில் கேட்டது. எங்கள் இருவருக்கும் அது போதும். உங்கள் முழங்கால் நோவுக்கு வைத்தியர் நடக்கச் சொன்னார் என்று சேர்ந்து இறங்கினோம். நீங்கள் நடந்ததோ உங்கள் ஊர்த் தெருவில்.

"இந்த மருந்துக்கடை கொல்லர் வீடு. அந்தச் சப்பாத்துக்கடை எங்கட வீடு. அப்பா தோல் பதனிடுறவர், நாத்தம் தாங்க ஏலாது," என்பீர்கள்.

பேருந்துத் தரிப்பிடம்தான் சந்தை. குதிரைவண்டியில் விளைச்சலோடு வரும் கமக்காரர்கள் யூதரல்லாதவர்கள்; ஆனாலும் உங்கள் யிட்டிஷ் மொழியிலேயே பேரம் பேசி, அதிலேயே ஏசிவிட்டும் போவார்களாம். தலைக்கு மேலே தொங்குரயில் போனது. "அது மட்டும்தான் எங்களிட்டை இல்லை," என்றீர்கள்.

கார் நிறுத்தும் மாடிக்கட்டடத்துக்கு முன்னால் எப்போதும் திரும்பிவிடுவீர்கள். உங்கள் தெருவில் அது குழி. போர் வந்தபோது கிழக்கே தப்பிப்போன ரயிலில் உங்களுக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்தது. தெருவில் மிஞ்சியவர்களை ஜெர்மன் படை அந்தக் குழியில் சுட்டுப் புதைத்தது. பிறகு வைத்த நினைவுக்கல்லில் 'சோவியத் குடிமக்கள்' என்று வெட்டினார்கள். யூதர் என்ற சொல் இல்லை.

"பிறகேன் அண்ணை இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

"காலமை காலமை ஒரு யூதன் பாண் வாங்குறதை இவங்கள் பாக்கட்டும்."

நீங்கள் போன பிறகு கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சு வந்தது. டோர்ட்மண்டிலிருந்து வந்த உங்கள் மகன், பெயரும் ஆண்டும் போதும் என்றார். "வேணுமெண்டால் பெலாரூஸ் எண்டு போடலாம். அந்த ஊரை இஞ்சை ஆருக்குத் தெரியும்?"

எனக்குப் பொல்லாத கோபம். இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் என்னையும் 'இலங்கை' என்று எழுதியே முடித்தன. என் ஊரை ஒருவரும் கேட்கவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன்.

"தம்பி, கல்லு வெட்டக் குடுக்க முதல் ஒருக்கா என்னோடை நடவுங்கோ."

"இந்தக் குளிருக்கையோ?"

"உங்கட அப்பா பனிக்கையும் நடந்தவர்."

தொழுகைக்கூடத்தில் தொடங்கி ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சப்பாத்துக்கடையில் நிறுத்தினேன். "இது உங்கட அப்பப்பா வீடு. நாத்தம் வருதோ?" சிரித்தார். பிறகு கடைக்கண்ணாடியில் நெற்றியை வைத்து, நெடுநேரம் உள்ளே பார்த்தார். "அப்பா சொல்ல வரேக்கை எல்லாம் எனக்கு நேரமில்லை," என்றார்.

மாடிக்கட்டடத்துக்கு முன்னால் நான் திரும்பினேன். ஏன் என்று கேட்காமல் அவரும் திரும்பினார்.

இப்போது உங்கள் கல்லில், பெயருக்குக் கீழே, 'ஒல்ஷவிச் ஊர் யூதன்' என்று ஆழமாக வெட்டியிருக்கிறது. ஊரை மட்டும்தான் நான் கேட்டேன். மற்றச் சொல் உங்கள் மகன் தானாகச் சேர்த்தது.

மருந்துக்கடையை மூடிவிட்டார்கள், அண்ணை. கைத்தொலைபேசிக் கடை வரப்போகிறதாம், புதுப் பலகை அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அது கொல்லர் வீடு.