வெந்நீர் தீரும் வரை

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே கிளாஸ்கோவில் சளி இருமல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கால் வீக்கம் வடிந்திருக்கிறது, இதற்குப் பெயர் சுகம் என்றால் சுகம்தான். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டியாம்மா என்கிறாய், நான் ஆச்சு, நீ சாப்பிட்டியா என்கிறேன், அப்புறம் இரண்டு பேரும் மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். வேனை ஜேக்கப்புக்குக் கொடுத்துவிட்டு என்னோடு வந்து இரு, இல்லாவிட்டால் நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னாயே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பருப்புப்பொடி பார்சலுக்குள் இதையும் மடித்து வைக்கிறேன்.

இங்கே மழை பிடித்துவிட்டது. காவேரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, பாலத்தில் வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், தில்லைநகர் போக அரை மணி ஆகிறது. மாடி அறை ஒழுகியதைச் சரி செய்தாகிவிட்டது. எதிர்வீட்டு பிரேமலதா அக்கா வாரத்தில் இரண்டு நாளாவது குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அழுதுடு குழலி, உள்ளேயே வச்சுக்காத என்கிறார். நான் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை பாப்பா, வரவில்லை, அவ்வளவுதான். அப்பாவை எடுத்த அன்றும் வரவில்லை. மறுநாள் நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்று எல்லாம் முடிஞ்சுதா என்று கேட்டபோதும் வரவில்லை. ரசத்துக்கு உப்பு போட்டேனா என்று தெரிவதில்லை, சாப்பிட்டு முடித்த பிறகும் தெரிவதில்லை. காது நன்றாகக் கேட்கிறது, கண் தெரிகிறது, ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். அது வியாதி என்று பயந்துகொள்ளாதே.

வேன் ஆனியிலிருந்து வாசலில் தார்ப்பாய் போட்டபடியே நின்றது. உனக்கு நினைவிருக்கும், நீ அங்கே போன முதல் வருஷம் உன் ஆபீஸ் வாசலில் இந்த மாதிரி ஒரு வேன் நிற்கிறது, ஏணி இல்லாமல் கயிறு இல்லாமல் கீழே நின்றுகொண்டே நீளக் கம்பால் மூன்றாவது மாடிக் கண்ணாடியைக் கழுவுகிறான், கம்பின் நுனியில் இருக்கிற பிரஷ்ஷிலிருந்து வெந்நீர் வருகிறது என்று அப்பாவுக்கு வீடியோ அனுப்பினாய். அவர் அதைப் பார்த்துப் பார்த்து துவாக்குடிப் பட்டறை வேலையை விட்டார். வேனுக்குள் டேங்க், உப்பெடுக்கிற சிலிண்டர், டீசலில் எரிகிற ஹீட்டர், சுருட்டி வைக்கிற ஹோஸ் பைப் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினார். திருச்சி வெயிலுக்கு வெந்நீர் வேறயா என்று சிரிக்காத ஆள் இல்லை. புறா எச்சமும், ஹோட்டல் புகையில் படிகிற எண்ணெய்ப் பிசுக்கும் பச்சைத் தண்ணீரில் போகாது, ஆசிட் போட்டால் கண்ணாடியும் கையும் போகும், வெந்நீர் பட்டால் தானாக வழுக்கிக்கொண்டு வரும் என்று அவர் எல்லோருக்கும் சளைக்காமல் சொல்வார். ஜேக்கப் அந்த ஹீட்டருக்காகத்தான் கேட்கிறார். அவர் நல்ல மனிதர், கண்டோன்மென்டில் துப்புரவு கம்பெனி நடத்துகிறார், இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, அவசரமில்லம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது.

அப்போதுதான் அப்பா கடைசியாக இருந்த அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தீபாவளிக்கு முன்னால் கண்ணாடி கழுவித் தர வேண்டும், வருஷா வருஷம் நீங்கள்தானே செய்வீர்கள் என்றார்கள். கேட்டவர் புது ஆள், அவருக்கு ஒன்றும் தெரியாது. வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். மருதை சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னதும், அந்த வேலை வேணாம் அண்ணி, வேற எத்தனையோ இடம் கூப்பிடறாங்க என்றார். அப்பாவோடு இத்தனை வருஷம் வேன் ஓட்டியவர், ஆஸ்பத்திரியிலும் அவர்தான் வெளி பெஞ்சில் கிடந்தார், அவருக்குக் கஷ்டம் இருக்கும். எனக்கு எந்தக் கஷ்டமும் தெரியவில்லை. அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு தார்ப்பாயை நானே எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்தான் பக்கத்து ஹோட்டலின் புகைக்குழாய் இருக்கிறது, அழுக்கெல்லாம் அந்தப் பக்கம்தான். மருதை, பின்பக்கம் நான் பாத்துக்கறேன், நீங்க முன்னாடி போங்க அண்ணி என்று கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்குப் புரிந்தது. அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, மூன்றாவது மாடியில், வெளியே குழாய் வளைகிற இடத்துக்குப் பக்கத்தில். கம்பைக் கொடுங்க என்று வாங்கிக்கொண்டேன். ஏசி அறைக் கண்ணாடி சில்லென்று இருக்கும், எடுத்த எடுப்பில் சூடாக விட்டால் கீறல் விட்டுவிடும் என்பதால் முதலில் வெதுவெதுப்பாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சூட்டைக் கூட்ட வேண்டும். அப்படியே ஒவ்வொரு ஜன்னலாகக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த ஜன்னலும் வந்தது. ஏதாவது ஆகும் என்று மருதை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. எச்சம் ஊறி வழிந்தது, தேய்த்தேன். கண்ணாடி தெளிந்ததும் உள்ளே யாரோ கையை வைத்தது தெரிந்தது. உள்ளங்கை அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து பிரஷ்ஷை எடுத்தேன். அந்தக் கை கண்ணாடியைத் தட்டியது. திரும்ப வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கையைக் கொண்டுவந்து வைத்தார்கள். மெலிந்த கை, ஊசிக்கு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அதுவாக நிற்கவில்லை, யாரோ மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் படியிறங்கி ஓடி வந்தாள். உன் வயதுதான் இருக்கும், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றாள். பெயர் சம்ரீன், பாலக்கரை வீடு, மேலே இருப்பது அவளுடைய அம்மா வஹீதா என்று அப்புறம்தான் தெரிந்தது. வந்ததும் அவள் கேட்டது இதுதான். "அக்கா, அந்தக் கண்ணாடியில இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி விட முடியுமா? அம்மாவுக்குக் கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. கண்ணாடி சூடா இருந்துச்சு, கைய வச்சவங்க எடுக்க மாட்டேங்கிறாங்க." அந்த மாடி முழுக்க ஒரே ஏசி, ஒரு அறைக்கு மட்டும் நிறுத்த முடியாதாம், கம்பளி போர்த்தியும் குளிர் போகவில்லையாம், தோல் மெலிந்துவிட்டதால் வெந்நீர்ப் பை வைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கம்பை அந்த ஜன்னலுக்குத் தூக்கினேன். அவள் திரும்ப மேலே ஓடினாள், அந்தக் கை திரும்ப வந்தது.

பிரஷ்ஷைக் கண்ணாடியில் வைத்தபடி தண்ணீரை விட்டுக்கொண்டே நின்றேன். தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை. தோள் கடுத்தபோது மருதை வந்து கம்பை வாங்கிக்கொண்டார், அவருக்குக் கடுத்தபோது நான் வாங்கிக்கொண்டேன். தண்ணி பாதிக்குக் கீழ போயிடுச்சு அண்ணி என்றார். போகட்டும் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் போய் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் கையும் அந்த அறையில் அப்படித்தான் இருந்தது பாப்பா. நான் என் இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தேன், சூடு ஏறவே இல்லை. கண்ணாடியைச் சூடாக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, யாருக்குத் தோன்றும். தோன்றியிருந்தாலும் கம்பைப் பிடிக்கிறவர் உள்ளே படுத்திருந்தார். இதை உன்னிடம் ஒரு துக்கமாகச் சொல்லவில்லை. அங்கே நிற்கும்போது இப்படித்தான் நினைத்தேன், அதனால் எழுதுகிறேன். டேங்க் வற்றி பம்ப் வெறுமனே இரைந்தபோதுதான் நிறுத்தினோம். பாதிக் கட்டடம் கழுவாமல் நின்றது. தண்ணீர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வந்து முடித்துத் தருகிறோம் என்று உள்ளே போய்ச் சொன்னேன். சரி என்றார்கள்.

மறுநாள் மற்ற ஜன்னல்களை எல்லாம் முடித்துவிட்டு, மிச்சத் தண்ணீர் முழுவதையும் அந்த ஒரு ஜன்னலுக்கே விட்டோம். அன்றைக்கும் கை வந்தது. வேனில் எழுதியிருக்கிற நம்பரை சம்ரீன் போனில் போட்டுக்கொண்டாள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் அக்கா, நேத்து அம்மா மௌத்தாயிட்டாங்க என்றாள். சாப்பிட்டியா என்று கேட்டேன். அவளும் ஆச்சு என்றாள்.

மருதையைக் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். சந்துக்குள் சின்ன வீடு, பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில வெந்நி விட்டாங்களே, அந்த அக்கா இவங்கதான் என்று சம்ரீன் சொன்னதும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க தண்ணி விட்டீங்கல்ல, அன்னிக்கு அம்மா நல்லாத் தூங்கினாங்கக்கா. அதுக்கு முன்னாடி தூங்கவே இல்ல" என்றாள். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை, சம்ரீனும் அழவில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள், கனமாக இருந்தாள். டீ கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று தெரிந்தது. வெளியே வந்த பிறகு, வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இத்தனை நாள் டீக்குச் சர்க்கரை போட்டிருக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் குடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். மருதை, நேரா வீட்டுக்கா அண்ணி என்று கேட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை கூப்பிட்டிருந்ததே, அங்கே போவோம் என்றேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். ஜேக்கப்பிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை, தனக்கு வருகிற உயரமான கட்டடங்களை நம்மிடம் அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்கிறார். அம்மா மனசு தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே, அப்படி எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால் எழுந்து குளிக்கத் தோன்றுவதில்லை. வாசலில் மருதை ஹாரன் அடித்தால் எழுந்துவிடுகிறேன். இப்போதைக்கு எனக்கு அது போதும். இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, ஆனால் பண்டிகைக்காகக் கடைக்காரர்கள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், மழை விட்ட நேரமாகப் பார்த்துப் போய்வருகிறோம். நீ வேலையை விட வேண்டாம். எனக்காக விட்டுவிட்டு இங்கே வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் உனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. லீவு கிடைக்கும்போது வா, வந்தால் ஒரு நாள் வேனில் வா, கம்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். நானும் அங்கே ஒரு தடவை வருகிறேன், எப்போது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

குளிருக்குக் கையுறை போடாமல் வெளியே போகாதே. ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காமல் ஒரு பிடி அரிசியாவது பொங்கிச் சாப்பிடு. வாரத்தில் ஒரு நாளாவது யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசு, பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு. சமயபுரத்தாள் உனக்குத் துணையாக நிற்கட்டும், நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அப்பாவின் போன் இப்போது வேலைக்காக என் கையில்தான் இருக்கிறது. நீ அதற்கு இன்னமும் பேசிப் பேசி அனுப்புகிறாய். உன் பெயருக்குப் பக்கத்தில் நம்பர் ஏறிக்கொண்டே போகிறது. நான் ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், அது நீ அவரிடம் பேசுவது. அம்மா பார்த்துவிட்டாளே என்று நிறுத்திவிடாதே. அனுப்பு. சார்ஜ் நான் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
செ. மட்டுவார்குழலி