ஏழாம் பலகை

1963 அக்டோபர் 12, உம்துர்மான், சூடான்

ஆறு நேற்றைவிட நான்கு விரல் இறங்கியிருக்கிறது. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் காலையில் நீர்மட்டம் குறிக்காமல் கை அடங்குவதில்லை. வெள்ளை நைலில் முப்பது வருடம் நீராவிக் கப்பல் ஓட்டியவன் நான். ஜூபா வரைக்கும் உள்ள முதலைகளுக்கு என் இருமல் தெரியும்.

இப்போது என் உத்தியோகம், தங்கை சித்தனா வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அவள் மகள் பதூல் படம் வரைவதைப் பார்ப்பது. கார்ட்டூம் ஓவியப் பள்ளியில் பூச்சாடியும் ஆப்பிளும் வரைந்து பரிசு வாங்கியவள். ஒரு பரிசுதான், நான் வெளியே சொல்லும்போது ஏழாகிவிடும். ஒரு நாள், "மாமா, நம்ம வீட்ல ஆப்பிளை யாரு கண்டா?" என்று அத்தனையையும் சுருட்டிப் பரணில் போட்டாள். இப்போது பிள்ளைகள் குர்ஆன் ஓதி எழுதிப் பழகுகிற பலகையைப் போலவே ஆள் உயரத்துக்கு மரத்தில் செய்து வாங்கி, பிள்ளைகளின் அதே மசியால், பானைக் கரியும் கருவேலம் பிசினும் குழைத்து வரைகிறாள். வரைவது எழுத்துகள்தான். ஆனால் படிக்க முடியாது. நீண்டு, ஒடிந்து, கொம்பு முளைத்து மாடாகவும் மனுசனாகவும் நிற்கின்றன. மூன்றாம் வகுப்பில் எனக்கும் எழுத்து அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்கு அடித்தார்கள்.

அக்டோபர் 15

கார்ட்டூம் கண்காட்சி மண்டபத்திலிருந்து கடிதம். நவம்பர் 7 அன்று பதூலின் படங்கள் மட்டும். ஏழு பலகை வேண்டுமாம்.

பதூலின் அப்பா, மச்சான் பாபிகர், கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "ஒரே ஒரு தடவை. அங்க யாரும் சீந்தலைன்னா எல்-ஒபைத்ல தையல் டீச்சர் வேலை. மறுபேச்சு இல்ல" என்று முடித்துவிட்டார். இங்கிருந்து எல்-ஒபைத் ரயிலில் ஒரு பகலும் இரவும். பதூல் சரி என்றாள். சொன்ன கையோடு அடுப்படிக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்துக் கரி சுரண்டத் தொடங்கினாள்.

அக்டோபர் 19

சந்தைக் காபிக் கடையில் ஒருவன், "உன் மருமக பலகையில கோழி கிளறுதாமே?" என்றான். விடுவேனா? அந்த மசிக்கு என்ன சக்தி தெரியுமா, எதிரே உட்கார்ந்து பார்த்தே என் முழங்கால் வலி போயிற்று என்றேன். எழுந்து இரண்டு சுற்று நடந்தும் காட்டினேன். கடை முழுக்க எழுந்து நின்று பார்த்தது. அருமையான சாயங்காலம்.

அக்டோபர் 27

ஏழாவதும் முடிந்தது. எல்லாவற்றிலும் பெரியது. மேலிருந்து கீழே ஒரே கோடு, வெள்ளத்தில் நிற்கிற பெண் மாதிரி. நான் இன்று காபிக் கடைக்கே போகவில்லை. எனக்கே அதிசயம்.

அக்டோபர் 29

எப்படி எழுதுவது –

பதூல் பலகைகளை மாட்டக் கம்பி வாங்கப் போயிருந்தாள். நான் தொழுகைக்குப் போய்த் திரும்பினால் முற்றமெல்லாம் கறுப்புத் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி ஹாஜா கல்தூம் ஏழாவது பலகையைச் சாய்த்துவைத்து, பிஸ்மில்லா சொல்லிச் சொல்லிக் கழுவி, கடைசிச் சொட்டையும் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் புருசன் ஜுபாராவுக்குப் பதினோரு நாளாக மலேரியா. ஓதிய பலகையைக் கழுவி நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பதை இந்த ஊரில் யார்தான் செய்யவில்லை? என் தொண்டையிலேயே எத்தனை பலகை இறங்கியிருக்கிறது.

பதூல் வந்தாள். கத்தவில்லை. "அத்தை, இதுல குர்ஆன் ஆயத்து எதுவுமே கிடையாது" என்றாள்.

"அப்ப எதுக்கும்மா அதே மசியில எழுதினே?" என்று கேட்டுவிட்டு, கிண்ணம் சிந்தாமல் கல்தூம் போய்விட்டாள்.

அக்டோபர் 30

ஜுபாராவுக்குக் காய்ச்சல் விட்டதாம். அரசு மருந்தகத்து மாத்திரையும் உள்ளே போயிருந்தது, அதை எவரும் பேசவில்லை. காலையிலேயே வாசலில் ஆறு பெண்கள், கையில் கிண்ணத்தோடு. கப்பலில் வைத்திருந்த பெரிய விசிலை ஊதித் துரத்தினேன். ஒருத்தி, "நீங்கதானே சொன்னீங்க, முழங்கால் வலி போச்சுன்னு?" என்றாள்.

பதூல் பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

அக்டோபர் 31

நான்தானா? நான்தான். பொய்யென்று நினைத்தா சொன்னேன்? கொஞ்சம் நீட்டிச் சொன்னேன், அவ்வளவுதானே. அந்த நீளத்தில் பிள்ளையின் பிழைப்பே போய்விடும் போலிருக்கிறது. புதுப் பலகைக்குத் தச்சனிடம் ஓடினேன். அவ்வளவு அகலத்துக்கு மரம் இல்லையாம்.

அவளிடம் போய், "அம்மா, என் வாய்தான் உன் பலகையைக் கழுவிச்சு" என்றேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த மரத்தில் பழைய கோடு போகாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"போகட்டும் மாமா. தண்ணி கொண்டாங்க" என்றாள்.

நவம்பர் 1

அந்தச் சாம்பல் கோட்டின் மேலேயே புதிதாக எழுதினாள். காயவிட்டு, என் கண்ணெதிரே அவளே கழுவினாள். எனக்கு உயிர் போயிற்று. "கழுவிக் கழுவி எழுதற பிள்ளைங்க பலகையில, அடியில எத்தனை வருசத்து எழுத்து கிடக்கும்? நான் புதுப் பலகையில எழுதிட்டு அதுமாதிரின்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. வாளியைத் தூக்கினேன்.

நவம்பர் 3

நான்காம் தரம். விரலிடுக்கு வெடித்துவிட்டது, துணி சுற்றிக்கொண்டு எழுதுகிறாள். மச்சான் எல்-ஒபைத்துக்குச் சம்மதக் கடிதம் எழுதி மாடத்தில் தயாராக வைத்திருக்கிறார். அவள் அதைத் தாண்டித்தான் கரி எடுக்கப் போகிறாள். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நவம்பர் 5

ஏழாம் தரம். கழுவவில்லை. "போதும்" என்றாள்.

நவம்பர் 7

மண்டபத்தில் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஆறு பலகை வரைக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். ஏழாவதில் தலையாட்டல் நின்றது. ஓவியப் பள்ளியில் இவளை, இது படமுமில்லை எழுத்துமில்லை என்று விரட்டிய வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்தார். மச்சான் கதவோரமாகவே நின்றார்.

அப்போது கல்தூமின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜுபாரா வந்தார். காய்ச்சலில் பாதி ஆளாகியிருந்தார். நேரே ஏழாவதின் முன் போய், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பார்த்தார். வயிற்றில் கை வைத்து, "அடியில இருக்கறது என்னோடது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார்கூடக் குனிந்து அடியில் இருப்பதைத் தேடினார்.

வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

நவம்பர் 9

காபிக் கடையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார்கள். நாற்பத்தொன்று என்றேன். நம்பவில்லை. அவ்வளவு குறைவாக நான் எப்போதும் சொன்னதில்லையாம். போய்ப் பாருங்களேன் என்றேன். மண்டபத்தார் இன்னும் ஒரு மாதம் பலகைகளை வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 16

ஆற்று மட்டம் இன்று அசையவில்லை. விடிந்ததும் வாசலில் நான்கு பானை, அடிக்கரியோடு. தெருப் பெண்கள் தேய்க்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதூல் இன்னும் தூங்குகிறாள். மாடத்தில் கடிதத்தைக் காணோம். மச்சான் பாபிகர் முற்றத்தில் குந்தி, வெள்ளை ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கத்தியால் கரி சுரண்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும், "ஒரு பலகைக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டார்.

ஒரு கைப்பிடி என்றேன். ஒரு கைப்பிடிதான்.