துணைவர் விவரப் படிவம்

ஸ்ரீபெரும்புதூர்
3 ஜூன் 2024

அன்புள்ள பாமா,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். ரிட்டயர் ஆன மனுஷன் சும்மா இருக்க மாட்டானா என்பாய். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வங்கி தொடங்கப் போகிறோம். சிரிக்காதே. சிறு நிதி வங்கிதான், அதற்கே இருநூறு கோடி மூலதனம் வேண்டும். ஒரகடத்து உதிரிபாகக் கம்பெனி முதலாளிகள் போடுகிறார்கள். ஆனால் வங்கித் துறையில் பத்து வருஷமாவது பெரிய பொறுப்பில் இருந்தவர் முன்னே நின்றால்தான் உரிமம் கேட்க முடியும். அதற்கு நான்.

வல்லம் வடகாலில் அறை எடுத்திருக்கும் ஐயனார், கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், ஒருநாள் சொன்னான்: "சார், கம்பெனி பஸ்ஸ விட்டு எறங்க ஏழு மணி ஆயிருது. அதுக்குள்ள பேங்க்ல ஷட்டர எறக்கிருதாவ. ஒரு கையெழுத்துக்கு ஒருநா சம்பளம் போகுது." ஷிப்ட் பார்ப்பவர்களுக்காக ஒன்பது மணி வரை திறந்திருக்கும் வங்கி. அவ்வளவுதான் ஆசை.

விண்ணப்பத்தோடு மனைவியின் விவரமும் வைக்க வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தோத்தாத்ரி

கும்பகோணம்
11 ஜூன்

ஷ்ரவண் அப்பாவுக்கு,

ஆறு வருஷத்தில் வந்த முதல் கடிதம், அதற்குள்ளும் ஒரு படிவம். முட்டிவலி தேவலையா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தேவலை. பள்ளிக்கூடத்தில் இப்போது கீழ்த்தளத்திலேயே கணக்கு வகுப்பு கொடுத்துவிட்டார்கள்.

படிவத்தை நிரப்பிவிட்டேன். பிறர் கடனுக்கு ஜாமீன் நின்று அது நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருக்கிறேன். என் தம்பி சாரநாதனின் அச்சகக் கடன். உங்களைக் கேட்காமல் போட்ட ஜாமீன். அந்தச் சண்டையில்தானே நாம் பிரிந்தோம்? இப்போது பொய் எழுதவா?

சத்யபாமா

ஸ்ரீபெரும்புதூர்
24 ஜூன்

அன்புள்ள பாமா,

ஆடிட்டர் நடேசன் உன் படிவத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னா சார், இப்படி எழுதிக் குடுத்துட்டாங்க? இதனால உரிமம் வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா உங்க யோக்கியதையத் துருவிப் பாக்கற எடத்துல இது உறுத்தும். எப்படியும் தனித்தனியாத்தான இருந்துகினு இருக்கீங்க? விவாகரத்து வாங்கிட்டா இந்தப் படிவமே வேணாமே!"

முதலில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் சரி என்றும் பட்டது. காகிதத்தில் மட்டும்தானே? இருவரும் சம்மதித்துக் கொடுக்கும் மனு இதோடு இருக்கிறது. என்னைத் தப்பாக நினைக்காதே. இத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள்.

தோத்தாத்ரி

கும்பகோணம்
5 ஜூலை

ஷ்ரவண் அப்பாவுக்கு,

வலித்தது. மறைக்க மாட்டேன். ஒரு நாள் முழுக்க அந்த மனுவை மேஜை மேலேயே வைத்திருந்தேன். வங்கி தொடங்க இத்தனை கேள்வி கேட்கிறார்கள். நம் கல்யாணத்துக்கு ஜாதகத்தைத் தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜாமீன் போட்டது தவறுதான். ஆனால் நான் கிளம்பி வந்தது அதற்காக இல்லை. சாரநாதன் எதிரே நின்று, "உன் கையெழுத்துக்கு என்னடீ மதிப்பு?" என்று கேட்டீர்களே, அதற்காக. ஒரு வருஷம் தூக்கத்திலும் அது கேட்டது.

மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐயனார் மாதிரிப் பிள்ளைகள் மூடின வங்கிக் கதவு முன்னால் நிற்க வேண்டாம்.

சத்யபாமா

ஸ்ரீபெரும்புதூர்
16 ஜூலை

என் பாமா,

உன் கடிதத்தோடு மூன்று நாள் இருந்தேன். நான் அப்படிச் சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. சொன்னவனுக்கு மறந்துவிடுகிறது. என்னை மன்னித்துவிடு.

நேற்றுக் கூட்டத்தில் என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். பழைய வங்கியில் என்னிடம் வேலை பார்த்த ப்ரீதி முன்னே நிற்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் பயப்படுகிறாள். "சார் இல்லாட்டி எனக்குக் கை ஓடாது" என்றாள். மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. திருப்பி அனுப்புகிறேன், நீயே கிழித்துவிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்கு வரட்டுமா? உன்னை அழைத்துப் போக.

உன்,
தோத்தாத்ரி

கும்பகோணம்
25 ஜூலை

அன்புள்ள உங்களுக்கு,

படித்துவிட்டு அழுதேன். மன்னித்துவிட்டேன், மனசார. இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் அடுத்து எழுதப்போவது கோபத்தில் எழுதுவது இல்லை.

மனுவைக் கிழிக்கவில்லை. இங்கேயே பத்திரமாக வைத்திருக்கிறேன். வங்கிக்காகப் போடுகிறேன் என்றுதான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போட்டு முடித்தபின் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், அப்படி ஒரு நிம்மதி. தம்பி கடனையும் மாசாமாசம் நானே அடைத்து வருகிறேன். இங்கே என் வாழ்க்கை நன்றாக இருக்கிறது. திரும்பி வர எனக்கு விருப்பமில்லை.

ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள். சாப்பிட்டுவிட்டு, மனுவில் உங்கள் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போங்கள். ஊருக்குப் போனதும் உங்கள் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். ப்ரீதி தனியாக நிற்க வேண்டாம்.

சத்யபாமா