மாட்டுக்குச் சொன்ன நியாயம்

கன்றின் காலைப் பார்த்தே வம்சம் சொல்லிவிடும் என் அப்பாவுக்கு,

மீனாட்சிபுரத்தில் மழை விட்டுவிட்டது. பால் சொசைட்டிக்கு இப்போது நான்தான் போகிறேன். அலுப்பாக இருக்கிறதப்பா. சாணி வழிப்பதும் பால் கறப்பதும் அல்ல, பதில் சொல்வதுதான் அலுப்பு. "சுமதி எப்பங்க வருவா?" என்று உங்கள் மருமகளைப் பற்றித் தினமும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பேத்தி பிறந்த அன்று மாலையே போய்விட்டாள். கைகால் குட்டை, நெஞ்சுக்கூடு ஒரு கைப்பிடி. மூச்சு விட அதில் இடமில்லை. துக்கம் விசாரிக்க வந்த சொந்தங்களிடம் நீங்கள் சொன்னீர்கள்: "எங்க வம்சத்துல இப்படி ஆருக்கும் இல்லீங்க. எல்லாம் அந்தூட்டு வழி." மார்பில் பால் கட்டி, சுமதி உள்ளேதான் படுத்திருந்தாள். மறுநாளே அவளுடைய அப்பா வந்து கூட்டிப் போய்விட்டார்.

குழந்தைக்கு எடுத்த பரிசோதனை முடிவு வருவதற்குள் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். "இது நிறையப் பேருக்கு வருமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பல்லாயிரம் பிரசவத்தில் ஒன்றாம். எலும்பு வளராமல் பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகும் நோய்களில் பல வகை உண்டாம். தனித்தனியாக அபூர்வம், எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு அபூர்வமில்லையாம். நம் குழந்தைக்கு வந்தது, கரு உண்டாகும்போது புதிதாக நேர்ந்த பிழை. இரண்டு வீட்டிலும் காரணம் தேடவேண்டாம் என்றார்.

அதைச் சொல்லத்தான் சுமதியிடம் ஓடினேன். அவள் அழவில்லை. "ஏனுங்க, நம்ம செவலை கால் வளைஞ்ச கன்னு போட்டப்போ உங்கப்பா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டாள்.

எனக்கு நினைவிருந்தது. மாட்டைக் குறை சொன்ன வியாபாரியிடம், "நல்ல மாட்டுக்கும் ஒண்ணு இப்படிப் பொறக்குமுங்க. வம்சத்தப் பழிக்காதீங்க" என்றீர்கள். செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்.

"மாட்டுக்குச் சொன்ன ஞாயத்த மருமவளுக்குச் சொல்லலியேங்க" என்றாள்.

உங்கள்மேல் கோபப்படக்கூட இப்போது தெம்பில்லை. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பீர்களா? மாற்றியிருப்பீர்கள் என்றே நம்பிக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் உங்களுக்கு வருஷத் திதி. அதற்கு மட்டும் வருகிறேன் என்றிருக்கிறாள் சுமதி. அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே சொந்தங்கள் கூடுவார்கள். இலை போடுமுன், அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, செவலைக்காக நீங்கள் சொன்னதை அவளுக்காகச் சொல்வேன். நீங்கள் சொன்னதாகவே சொல்வேன்.

உங்கள் மகன்,
உங்கள் பேத்தியின் அப்பன்.